களித்தானும் குளித்தானும்: நெய்தல் நிலத்துக் குடிநோயும் மனநோயும்

திருக்குறட் பொருட்பாலில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதனை அடுத்தது சூது. அதனையும் அடுத்து 95ஆவதாக நிற்பது மருந்து. இவ்வைப்புமுறையை அறியாத தமிழ் மாணவர் இலர். ஆயினும், கள்ளுண்ணாமையை ஒழுக்கத்தின்பாற்படுத்தி ஒரு நாளும், மருந்தை உடல்நலத்தின்பாற்படுத்தி மற்றொரு நாளும் கற்பித்துச் செல்வதே வகுப்பறை வழக்காக உள்ளது. கள்ளுண்பான் இகழத்தக்கான், நோயுற்றான் இரங்கத்தக்கான். ஒருவனே இவ்விருவனாகவும் இருத்தல் கூடுமோ என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பி, பழைய நூல்களையும் மணப்பாட்டைக் களமாகக் கொண்ட நாவல் ஒன்றையும் அதன் வெளிச்சத்தில் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு மணப்பாட்டைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினத்தை அடுத்து, கடலுள் நீண்ட மணற்குன்றும் அதன்மேல் திருச்சிலுவைக் கோயிலும் உடையது அவ்வூர். முத்துக்குளித்துறையின் பழைய பரதவர் ஊர்களுள் ஒன்று. இத்துறையின் குடிப்பழக்கத்தைப் பற்றிச் சங்க நூல் ஒன்று பேசுகின்றது. 16ஆம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்று பேசுகின்றது. 20ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்று இவ்வூரின் மனத்துயரைப் பேசுகின்றது. ஒரு நிலத்தின் ஒரே துயரை மூன்று காலத்தார் எங்ஙனம் நோக்கினர் என ஒப்புநோக்குதற்கு இத்தகைய வாய்ப்பு பிற ஊர்களில் எளிதிற் கிட்டுவதன்று.

மருத்துவர் கூற்றை முதற்கண் சுருங்க உரைத்தல் வேண்டும். குடிக்கு ஆட்பட்டோருட் பலர் அதனோடு மனச்சோர்வும் பதற்றமும் உடையர். அவருட் சிலர்க்குத் துயர் முன்னது, குடி பின்னது. சிலர்க்குக் குடி முன்னது, துயர் பின்னது. பலர்க்கோ எது முன் எது பின் எனப் பிரித்தல் அரிதாகும்படி இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும். துயருற்ற மனம் தன் துயர்க்குத் தானே தேடிக்கொண்ட தவறான மருந்தே போதை என்னும் கருத்தினை 1985இல் அமெரிக்க உளமருத்துவர் எட்வர்டு கான்ட்சியன் விரித்துரைத்தார். அது முழு உண்மை எனக் கொள்ளார் உளர். எனினும் இகழ்ச்சிக்கு உரியவனை ஆராய்ச்சிக்கு உரியவனாக ஆக்கியதில் அதற்குப் பங்கு உண்டு.

உடலின்கண் நிகழ்வதும் அறியத்தக்கது. மது மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் பொருள். நாள்தோறும் தணிக்கப்படும் மூளை அதற்கு ஈடாகத் தன் கிளர்ச்சியைப் பெருக்கிக்கொள்ளும். குடி நின்ற 6 முதல் 24 மணி நேரத்துள் அப்பெருக்கமே நடுக்கமாகவும் வியர்வையாகவும் பொருளில்லா அச்சமாகவும் வெளிப்படும். நெடுங்காலம் மிகக் குடித்தார் சிலர்க்கு 2, 3 நாள்களில் அது நினைவு தடுமாறும் சன்னியாக முற்றி உயிர்க்கே ஊறு செய்யும். காலையில் கைந்நடுக்கம் தீர ஒரு மிடறு குடிப்பவனை நாணமற்றவன் என்பர் ஊரார். அவன் அப்பொழுது இன்பத்திற்காகக் குடிக்கின்றான் அல்லன். அச்சத்திற்கு அஞ்சிக் குடிக்கின்றான். இன்னும் ஒன்று: குடியால் விளைந்த சோர்வு, குடி நீங்கிய 2 முதல் 4 வாரங்களுள் பெரும்பாலும் தானே தணியும். அதற்குப் பின்னும் நிற்குமாயின், அது தனியே மருத்துவம் செய்தற்குரிய சோர்வு எனத் தெளிவர். ஆயினும் அதுகாறும் நோயாளியை வாளா விடுதல் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடையார்க்கு அன்றைக்கே துணை வேண்டும்.

முதலிற் குடியை விடு, பின்னர்ச் சோர்வுக்கு மருந்து தருவோம் என ஒரு மருத்துவமனையும், முதலிற் சோர்வைத் தீர்த்து வா, பின்னர்க் குடியைப் பார்ப்போம் என மற்றொன்றும் கூறி நோயாளியை அலைக்கழித்த காலம் உண்டு. அது முற்றும் ஒழிந்தது எனல் இயலாது. இரண்டனையும் ஒரே குழுவினர் ஒருங்கே நோக்கி மருத்துவம் செய்தலே இன்று சிறந்ததாகக் கொள்ளப்படுகின்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைகளையும் மனநோய் என்னும் சொல்லின் வரையறையுள் அடக்கியது. ஆயின் ஆட்சி முறையில் பிளவு நின்றே உள்ளது. போதை மீட்பு மையங்களுக்கு நடுவணரசின் நிதியுதவி பெரும்பாலும் சமூகநீதி அமைச்சகத்தின் வழியே செல்வது. மனநலத் திட்டமோ நலவாழ்வு அமைச்சகத்தின்பாற்பட்டது. 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு உற்றாருள்ளும் மதுவால் நோயுற்றாருள்ளும் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டோர் உரிய மருத்துவம் பெறாதவர் எனக் கண்டது. மருந்து ஒரு கட்டடத்திலும் அறிவுரை ஒரு கட்டடத்திலுமாகப் பிரிந்து கிடக்கும் இந்நிலைக்கும், 93ஆம் அதிகாரத்தை ஒரு நாளும் 95ஆம் அதிகாரத்தை வேறொரு நாளும் கற்பிக்கும் நம் முறைக்கும் உறவு உண்டு என்றே யான் கருதுகின்றேன். சமுதாயம் எதனைக் குற்றம் என்றும் எதனை நோய் என்றும் பெயரிடக் கற்கின்றதோ, அக்கல்வியின் பெரும்பகுதி இலக்கியத்தின் வழியே நிகழ்வது.

பாக்கமும் கள்ளும்

சங்கச் சான்றோர் கள்ளை இகழ்ந்திலர். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் பரதவர், நிறைமதி நாளில் கடல்மேற் செல்லாது, சுறவின் கோட்டினை நட்டு வழிபட்டு, தாழை மலர் சூடிப் பனங்கள் மாந்தி ஆடி மகிழ்வர். இக்காட்சியில் குடிக்கு ஒரு நாளும் ஓர் இடமும் ஒரு குழுவும் வரையறுக்கப்பட்டுள்ளன. மறுநாள் கடலுக்குச் செல்வோர் அவர். ஆதலின் அக்குடிக்கு ஓர் எல்லையும் உண்டு. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியிற் கொற்கையைக் குறிக்குமிடத்து, முத்தும் சங்கும் எடுப்போர் சேரியையும், அதனை ஒட்டி, கள்ளை உணவாகக் கொண்ட குடிகள் வாழும் பாக்கத்தையும் சேர்த்துரைக்கின்றார். முத்துக்குளித்துறையின் குடிப்பழக்கம் பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. புலவர் இதனைப் பாண்டியன் ஆளும் வளமிக்க ஊரின் அடையாளமாகக் கொண்டாரேயன்றிக் குறையாகக் கொண்டிலர். மூச்சடக்கி ஆழத்துள் இறங்குவோர்க்குக் கரையேறியபின் கள் எதற்கு வேண்டியிருந்தது என அவர் வினவவில்லை. வினவாமை அவர் குறையன்று; அரசனை வாழ்த்தி அறிவுறுத்தும் பாட்டில் அதற்கு இடம் இல்லை.

துயரும் கள்ளும் ஒருங்கே நிற்கும் சங்கப் பாட்டு ஒன்று உண்டு. அதியமான் மாய்ந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு (புறம். 235) அது. சிறிதளவு கள் கிடைப்பின் அதனைத் தமக்கே தந்தான் என்றும், மிகுதியாகக் கிடைப்பின் தாம் பாடத் தானும் உடனுண்டு மகிழ்ந்தான் என்றும் இறந்தவனை நினைவதாக அப்பாட்டுத் தொடங்கும். இழப்பின் அளவை உணர்த்தக் கள்ளே முதல் நினைவாக வருகின்றது. ஆனால் அக்கள் இழப்பிற்கு முற்பட்ட நாளில் உண்ட கள். இழப்பினை மறக்க உண்ணும் கள் வேறு. முன்னையது உடனிருந்தாரை நினைவிக்கும். பின்னையது எவரையும் உடனிருக்கவொட்டாது. கள் பற்றிய சங்கக் குறிப்புகளைத் திரட்டி, பழந்தமிழர் குடிப்பழக்கம் உடையர் எனத் தலைப்பிட்டு எழுதும் கட்டுரைகள் இவ்வேறுபாட்டை நோக்காமல் எல்லாவற்றையும் ஒரே கலத்தில் ஊற்றிவிடுகின்றன.

1544ஆம் ஆண்டுக் கடிதங்கள்

1536ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரதவர் பெருந்தொகையாகக் கிறித்தவம் தழுவினர். 1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிசு சவேரியார் மணப்பாட்டில் தங்கினார். அங்குள்ள குகை இன்றும் அவர் பெயரோடு இணைத்தே பேசப்படுகின்றது. தம் துணைவர் பிரான்சிசுகு மான்சில்யாசுக்கு 1544இல் அவர் எழுதிய கடிதங்கள் பல, மணப்பாட்டிலிருந்து விடுக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்றில் மது அருந்தும் பெண்டிரைப் பற்றிய ஆணை உண்டு. ‘உராக்’ என அவர் குறிக்கும் மதுவை உண்ணும் பெண்ணுக்குத் தண்டமும் மூன்று நாட் காவலும் விதித்து, அதனை ஊர்தோறும் அறிவிக்கச் செய்து, பட்டங்கட்டிகளையும் எச்சரிக்கின்றார். அதனை நடைமுறைப்படுத்த ஏவலர் ஒருவரையும் அனுப்புகின்றார்.

இவ்வாணையைச் சமய நோக்கில் போற்றுவாரும் தூற்றுவாரும் உளர். அவ்வழக்கு நமக்கு வேண்டா. நாம் காணவேண்டுவது அக்கடிதத் தொகுதியின் பிற ஏடுகளை. அதே ஆண்டின் கோடையில் வடுகப் படையினர் இக்கரையைக் கொள்ளையிட்டனர். மக்கள் குமரிமுனையை அடுத்த பாறைகளில் ஏறி, உணவும் நீரும் இன்றி நின்றனர். சவேரியாரே மணப்பாட்டிலிருந்து தோணிகளோடு அவர்க்கு உதவப் புறப்பட்டார்; எதிர்க்காற்றால் அங்குச் சேரமாட்டாது வருந்தினார். தம்மவராகிய போர்த்துக்கீசரே இம்மக்களுக்குத் தீங்கு செய்தல் கண்டு, தமக்கு வாழ்வே சலித்துவிட்டது என்னும் பொருள்பட அவர் அந்த ஆண்டிலேயே அதே நண்பர்க்கு எழுதியதும் உண்டு.

ஆக, ஒரே ஆண்டின் ஓலைகளுள், ஓரிடத்தில் குடித்த பெண்டிர்க்குக் காவல். ஓரிடத்தில் அப்பெண்டிரின் ஊர்கள் அடைந்த அச்சம். ஓரிடத்தில் எழுதியவரின் சோர்வு. மூன்றும் ஒரு கையால் எழுதப்பட்டவை. எனினும் எழுதியவர் அவற்றை இணைத்துக் கண்டிலர். தம் சோர்வினை நண்பர்க்கு எழுதி ஆற்றிக்கொள்ள அவர்க்கு ஏடு இருந்தது. பரதவப் பெண்ணுக்கு அத்தகைய ஏடு இல்லை. அவள் சொல் ஒன்றும் அக்கடிதங்களில் பதிவாகவில்லை. குடிக்குத் தண்டம் விதிக்கும் முறைக்கு இக்கரையில் உள்ள பழைய எழுத்துச் சான்று இது. பின்வந்த அரசுகளும் இம்முறையையே மேற்கொண்டன. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுதும் பரவியது; 1971இல் தளர்த்தப்பட்டு 1974இல் மீண்டும் வந்தது; 1983இல் தோன்றிய அரசு வாணிகக் கழகமே 2003 முதல் சில்லறை மது விற்பனையையும் தனியுரிமையாக ஏற்றது. விற்றாலும் விலக்கினாலும், குடிப்பவனின் மனம் கணக்கில் வந்ததில்லை.

வள்ளுவர் கூறாததும் கூறியதும்

கள்ளுண்ணாமை அதிகாரத்தின் பத்துக் குறளையும் ஒருங்கு வைத்து நோக்கின், அவை பெரிதும் குடியின் விளைவையே பேசுதல் புலனாகும். மதிப்பு இழத்தல், ஈன்றாள் முகத்தும் இன்னாமை, நாண் நீங்குதல், விலை தந்து அறியாமையை வாங்குதல், உள்ளூரார் நகைத்தல் என இங்ஙனம் செல்லும். ஒருவன் எக்காரணத்தாற் குடிக்கின்றான் என்பதைப் பற்றி ஒரு குறளும் இல்லை. இதனைக் குறையாகக் கூறுவார் அடுத்த அதிகாரத்தையும் அதற்கடுத்ததையும் காணாதவர் ஆவர். நோய் இன்னதெனத் துணிந்து, அதன் முதற்காரணத்தைத் துணிந்து, அதனைத் தணிக்கும் வழியையும் துணிந்து, பொருந்தச் செய்க என்பது மருந்து அதிகாரத்தின் கட்டளை (948). நோயுற்றவன் அளவு, நோயின் அளவு, காலம் என்னும் மூன்றனையும் கருதச் சொல்வது அதனை அடுத்த குறள். காரணம் காணாது மருந்து செய்யாதே என்றவரே, இரண்டு அதிகாரங்கட்கு முன் காரணத்தை வினவாது விட்டார். கள்ளுண்ணாமை குடியாதார்க்கும் குடிக்கத் தொடங்குவார்க்கும் கூறிய காப்புரை. குடித்து நோயுற்றார்க்கு உரியது மருந்து என யான் கொள்கின்றேன்.

பரிமேலழகர் இவ்விடத்துத் தரும் குறிப்பு ஒன்று நமக்குத் துணை செய்யும். பழவினையான் வரும் பிணிகளை விலக்கி, உணவும் செயலும் ஒவ்வாமை முதலிய காரணங்களான் வருவனவற்றைத் தீர்ப்பதே மருந்து அதிகாரத்தின் பொருள் என்பது அவர் கருத்து. குடிநோய் ஊழ் என்பார் இன்றும் உளர். ‘அவன் தலையெழுத்து’ என்னும் தொடர் மணப்பாட்டிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. உரையாசிரியர் வகுத்த எல்லையின்படி, உண்ணும் பொருளால் வந்த நோய் மருந்தின் எல்லைக்குள் நிற்பது.

இனி, இவ்வாராய்ச்சிக்கு உயிர்நிலையான குறள் 929ஆவது. களித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவித்தல், நீரின் கீழ்க் குளித்தவனைத் தீயைக் கொண்டு தேடுதல் போலும் என்பது அதன் கருத்து. குடியனுக்கு அறிவுரை பயனில்லை, ஆகவே அவன் திருந்தான் என இதனைப் பொருள்படுத்திக் கைவிடுதற்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். உவமையை உற்று நோக்கின் அவ்வாறு பொருள்படாது. பயன்படாதது எது? தீ. எங்கு? நீரின் கீழ். நீருள் உள்ளவன் இல்லாமற் போயினான் என்றோ, அவனைத் தேடற்க என்றோ உவமை கூறவில்லை. கருவி பிழை என்பதே கூறுகின்றது. ஒளி தருவதாயினும் தீ நீருட் செல்லாது. மெய்யாயினும் காரணம் மயங்கிய மனத்துட் செல்லாது.

முத்துக்குளிக்கும் கரையில் பிறந்தார்க்கு இவ்வுவமை மேலும் ஒன்று சொல்லும். அங்கே குளித்தவனைத் தேடுதல் நாள்தோறும் நிகழும் தொழில். கல்லைத் துணையாகக் கொண்டு ஒருவன் இறங்குவான்; தோணியின் விளிம்பில் மற்றொருவன் கயிறு பிடித்து நிற்பான். கீழிருப்பவன் கயிற்றை அசைப்பான், மேலிருப்பவன் இழுப்பான். மைத்துனனே கயிறு பிடிப்பது வழக்கு என்றும், தன் உடன்பிறந்தாள் தாலியைத் தன் கையில் வைத்திருப்பவன் அவன் என்றும் கடற்கரையோர் கூறுவர். இங்குக் கடைசியாக அரசு முத்துக்குளிப்பு நடத்தியது 1961இல். தொழில் நின்றும் சொல் நிற்கின்றது. கயிற்றைப் பிடித்தவன் ஆழத்தில் இருப்பவனோடு வாதிடுவதில்லை. அசைவு வருங்கால் உணர்ந்து இழுப்பதே அவன் அறிந்த முறை. வள்ளுவர் இத்துறையை எண்ணிப் பாடினார் என யான் கூறவரவில்லை. அதற்குச் சான்று இல்லை. உவமையின் இயல்பே இவ்வழிச் செல்ல இடந்தருகின்றது என்பதே என் துணிபு.

அதனை அடுத்து அதிகாரத்தை முடிக்கும் 930ஆம் குறள் இத்துணிபுக்கு அரண் செய்கின்றது. தான் கள் உண்ணாத பொழுதில், கள்ளுண்டு களித்த மற்றொருவனைக் காணுங்கால், அதன் சோர்வைத் தானும் நினையானோ என வினவுகின்றார் வள்ளுவர். முன் குறளில் காரணம் காட்டுவோன் குடியாதவன். இக்குறளில் உணர்த்துவான் மற்றொரு குடிகாரன். முன் குறளில் காலம் களித்த காலம். இக்குறளில் தெளிந்த காலம். ஆளும் மாறின, காலமும் மாறிற்று. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியிலிருந்து மீளவிரும்பிய இருவர் கூடித் தொடங்கி இன்று உலகெங்கும் பரவிய பெயர் கூறாக் குடிநோயர் குழுக்களின் முறையும் இதுவே: குடித்தவனே குடித்தவன் பேச்சைக் கேட்பான். குடி நின்று சில வாரம் கழிந்தபின்னரே மனச்சோர்வை உள்ளவாறு அளத்தல் இயலும் என்னும் மருத்துவர் கூற்றையும் இதனோடு வைத்து எண்ணுக. பழைய நூலில் புதிய மருத்துவம் அனைத்தும் உண்டு எனப் பெருமை பேசுவார் கூட்டத்தில் சேர யான் விரும்பவில்லை. வள்ளுவர்க்குக் குடி நோய் என்னும் கொள்கை இருந்தது என நாட்டுதற்கு இக்குறள்கள் போதா. நோய் என்று கொண்டு படிப்பார்க்கு அவை தடையாக நில்லா என்னும் அளவே கூறலாம்.

மெய்ப்பாடும் மணப்பாடும்

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். ஒரு நிலத்திற்கே துயரை உரிமையாக்கிய இலக்கணம் பிற மொழிகளில் உண்டோ என அறிஞர் வியப்பர். இவ்வியப்பில் ஓர் இடரும் உண்டு. இரங்கல் நிலத்தின் இயல்பு எனக் கொண்டுவிட்டால், அந்நிலத்தில் வாழும் ஒருவன் உண்மையாகவே நோயுற்று வருந்தும்போதும் அதனைத் திணையழகாகக் கண்டு கடந்துவிடலாம். நெய்தல் நாவல்களைப் பற்றிய நம் திறனாய்வுகளில் இவ்விடர் நேர்ந்துள்ளது.

வண்ணநிலவனின் கடல்புரத்தில் 1977இல் வெளிவந்தது. மணப்பாடே அதன் களம். குரூஸ் மிக்கேல் வல்லம் உடையவன். ஆசிரியத் தொழில் பார்க்கும் மகன் செபஸ்தி, வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வருமாறு வற்புறுத்துகின்றான். ஊரில் வல்லத்தார்க்கும் லாஞ்சுக்காரர்க்கும் பகை முற்றுகின்றது. மகள் பிலோமி, சாமிதாஸின்மேல் வைத்த அன்பை இழக்கின்றாள். மனைவி மரியம்மை இறக்கின்றாள். வல்லம் கைம்மாறுகின்றது, குரூஸ் மிக்கேலின் மனம் பேதலிக்கின்றது. குடியும் அக்கதையுலகில் உண்டு. ஆசிரியர் அதனைப் பழித்தும் கூறார், புகழ்ந்தும் கூறார்.

மிக்கேலின் மனமுறிவைப் பழைய தொழில்முறையின் அழிவுக்குக் குறியீடு எனக் கொள்ளுதல் எளிது. அது பிழையன்று, ஆனால் விரைவானது. தொல்காப்பியர் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களம் கூறுவர். அவற்றுள் அசைவாவது, பண்டைநிலை கெட்டு வேறொருவாறாகி வருந்துதல் என்பது பேராசிரியர் உரை. மிக்கேலின் நிலைக்கு இதனினும் பொருந்தும் சொல் கிடைத்தல் அரிது. வல்லம் உடையான் வல்லம் இல்லானாதல் வறுமையின் வேறு. மனைவியை இழத்தலின் வேறு. தன்னைத் தானே அறியாதவனாக ஆதல் அது. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கும் அவனிடத்து வந்து கூடுதலை நாவலாசிரியர் ஆரவாரமின்றிக் காட்டிச் செல்கின்றார். குறியீடு என்பார் கடைசி நிகழ்ச்சியை மட்டும் காண்பர். மெய்ப்பாட்டியல் கற்றார் அது வந்த வழியைக் காண்பர்.

எண்வகை மெய்ப்பாட்டிற்குப் பின் தொல்காப்பியர் தொகுக்கும் 32இல், நாம் இங்கு வேண்டுவன பல உள: கையாறு, இடுக்கண், மடிமை, உயிர்ப்பு, வெரூஉதல், வியர்த்தல், நடுக்கு. நடுக்கு என்பதற்குப் பேராசிரியர் தரும் விளக்கம் வியக்கத்தக்கது. பிள்ளைகளுக்குப் பிணி இல்லாதபோதும் என்ன நேருமோ என நடுங்குதலை அவர் எடுத்துக்காட்டி, அதனை எண்வகையுள் ஒன்றாகிய அச்சத்தினின்றும் பிரிக்கின்றார். அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை எனப் பொருள் உண்டு. இந்நடுக்கிற்கு எதிர்நிற்கும் பொருள் இல்லை. வராத ஒன்றை எண்ணி உடல் நடுங்கும் இந்நிலையையே இக்கால மருத்துவர் பதற்றம் என்பர். கணவனும் மகனும் கடலில் இருக்க, வானம் தெளிந்திருந்தும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் பெண்டிர் நிரம்பிய கரையில் இச்சொல்லின் பொருளை எவர்க்கும் விளக்க வேண்டுவதில்லை.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நாவல் மாந்தரை எல்லாம் நோயாளிகளாக்கி, இவனுக்குச் சோர்வு, இவளுக்குப் பதற்றம் எனச் சீட்டு எழுதுதல் திறனாய்வாகாது. பிலோமியின் துயர் நோயன்று. அவள் அதனைத் தாங்கி, அதனூடே பிறரைப் பேணவும் வல்லவளாகின்றாள். இழந்தார் அழுதல் இயல்பு. அழுகை கையாறாக நின்று, மடிமையாக உறைந்து, உணவும் உறக்கமும் தொழிலும் அற்றொழியும்போதே நோய் என்னும் பெயர்க்கு உரியதாகின்றது. இரங்கலுக்கும் நோய்க்கும் இடையேயுள்ள இவ்வெல்லையைக் காட்டுதலில் கடல்புரத்தில் பிற நெய்தல் நாவல்களினும் நுட்பமுடையது. தந்தையும் மகளும் ஒரே வீட்டில், ஒரே இழப்பின் முன், இருவேறு வழியிற் செல்கின்றனர். ஜோ டி குரூஸின் ஆழி சூழ் உலகு (2004) பரப்பாலும் கடலறிவாலும் பெரியது. நடுக்கடலில் உடைந்த மரத்தைப் பற்றி மிதக்கும் கோத்ரா, சூசை, சிலுவை என்னும் மூவர் வழியே ஊரின் தலைமுறைகளைச் சொல்வது. ஆயின் அங்கே துயர் ஊர்முழுதும் பரந்து நிற்றலின், தனியொருவன் மனத்துள் அது நோயாக மாறும் கணம் அத்துணைத் தெளிவாகப் புலப்படுவதில்லை.

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் (950), மருத்துவத்திற்கு உறுப்பு நான்கு என்னும்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து இயற்றுவான். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், குடிநோயாளியோடு அவன் குடும்பத்தையும் மருத்துவத்தில் சேர்த்துக்கொண்டமை இந்நான்காம் உறுப்பின் பெருமையை உணர்ந்ததனால் ஆகும். இவ்வளவைக் கொண்டு கடல்புரத்தில் நாவலை அளந்தால் ஒன்று தெரியவரும். மிக்கேல் நோயுற்றவன். பிலோமி உடனிருப்பவள், தாய் இறந்து, தமையன் வேற்றூரில் இருக்க, அப்பொறுப்பு அவள்மேலே விழுகின்றது. மற்றை இரண்டு உறுப்புக்களும் அக்கதையுள் இல்லை. 1977இன் மணப்பாட்டில் அவை இருந்திருத்தல் அரிது என்பதை நாவலாசிரியர் விளக்கவில்லை. அவ்விடத்தை வெறிதாகவே விட்டுச் செல்கின்றார்.